அகலிகை ஏன் மறுபடியும் கல்லானாள்? பழைய கதையைத் திருப்பிப்போட்ட புதுமைப்பித்தனின் வாழ்க்கை

கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் கிடக்கும் ஸ்னோ ஒயிட். நூறு வருஷம் தூங்கும் இளவரசி. ஆசிரமத்து வாசலில் கல்லாய்க் கிடக்கும் அகலிகை. மூன்று பேரும் வேறு வேறு நாட்டுக் கதைகளில் வருபவர்கள். ஆனால் மூன்று பேருக்கும் ஒரே விதி: ஓர் ஆண் வரும் வரைக்கும் எழுந்திருக்க முடியாது.

தூங்கும் இளவரசி கதையைப் பிரான்ஸில் சார்லஸ் பெரோ 1697-ல் அச்சுக்குக் கொண்டுவந்தார். ஸ்னோ ஒயிட்டை ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-ல் புத்தகமாக்கினார்கள். அகலிகை இவர்களுக்கெல்லாம் ரொம்ப ரொம்ப மூத்தவள். குழந்தைகளைத் தூங்க வைக்கச் சொல்லும் இந்தக் கதைகளுக்குள் ஒரு பாடமும் இருக்கிறது. பெண் என்றால் பொறுமையாகக் காத்திருக்கணும், ஆண் என்றால் வந்து காப்பாற்றணும் என்பதுதான் அது.

சரி, காப்பாற்றப்பட்ட பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சு? இந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டவர் புதுமைப்பித்தன். 1943-ல் அவர் எழுதிய ‘சாப விமோசனம்’ கதையில், ராமன் காலடி பட்டு எழுந்த அகலிகை கடைசியில் மறுபடியும் கல்லாகிப் போகிறாள். ஏன்? அதைத் தெரிந்துகொள்ள அந்த மனுஷனின் 42 வருஷ வாழ்க்கையையும் சேர்த்தே பார்க்கணும்.

கதைகள் கொட்டிக்கிடக்கும் ஆற்றங்கரை

தாமிரபரணி கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் ஊர் ஆத்தூர். வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பேர்போன ஊர். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அங்கிருந்து கிழக்கே போனால் ஆறு கடலில் கலக்கும் புன்னக்காயல். பக்கத்திலேயே பாண்டியரின் பழைய முத்துத் துறைமுகமான கொற்கை. கடல் பின்வாங்கிவிட்டதால் கொற்கை இன்றைக்கு வயலுக்கு நடுவில் நிற்கிறது.

இந்தக் கொற்கைக்கும் ஒரு பெண்ணின் கதையில் பங்கு உண்டு. கண்ணகியின் கோபம் தணிய, கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலிகொடுத்தான் என்கிறது சிலப்பதிகாரத்தின் முன்னுரைப் பகுதி. அநீதி இழைக்கப்பட்ட பெண்ணைத் தெய்வமாக்கிக் கும்பிடுவது தென்பாண்டிச் சீமைக்குப் பழக்கமான ஒன்று. வில்லுப்பாட்டில் அப்படிப்பட்ட அம்மன்கள் நிறைய பேர் வருவார்கள். ராமன் கதையோ தோல்பாவைக் கூத்து வழியாகவும் கம்பராமாயணப் பேச்சுகள் வழியாகவும் ஊர் ஊராக நடமாடியது.

இதே ஆற்றின் கரையில், கொஞ்சம் மேற்கே இருக்கும் திருநெல்வேலியில்தான் புதுமைப்பித்தன் வளர்ந்தார். அவருடைய கதைகளில் வரும் பேச்சும் பிள்ளைமாரும் சாமிகளும் கிண்டலும் இந்த மண்ணிலிருந்து வந்தவை.

யார் இந்த சொ.வி.?

இயற்பெயர் விருத்தாசலம். அப்பா சொக்கலிங்கம் பிள்ளை என்பதால் சொ. விருத்தாசலம், சுருக்கமாக சொ.வி. பிறந்தது 1906 ஏப்ரல் 25, கடலூர் அருகே திருப்பாதிரிப்புலியூரில். அப்பாவுக்கு அரசாங்க வேலை. மாற்றல் உத்தரவு வரும் போதெல்லாம் குடும்பமும் மூட்டை கட்டணும். அதனால் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று பையனின் ஆரம்பப் படிப்பு ஊர் ஊராக அலைந்தது.

எட்டு வயதில் அம்மா இறந்துபோனார். அப்பா மறுமணம் செய்துகொண்டார். தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவோடு 1918-ல் குடும்பம் சொந்த ஊரான திருநெல்வேலிக்குத் திரும்பியது. அங்கே பள்ளிப்படிப்பு, பிறகு இந்துக் கல்லூரி. பி.ஏ. முடிக்கும்போது 1931 ஆகிவிட்டது, வயது 25. அரசாங்க வேலைக்குப் போகும் வயது கையை விட்டுப் போயிருந்தது. பையன் தன்னைப் போல உத்தியோகஸ்தன் ஆவான் என்று நினைத்த அப்பாவுக்கு அது பெரிய ஏமாற்றம்.

1932-ல் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலாவோடு கல்யாணம். 1933-ல் ‘காந்தி’ பத்திரிகையில் ‘குலாப்ஜான் காதல்’ என்ற கட்டுரை வெளியானது. அடுத்த வருஷம் ‘மணிக்கொடி’யில் கதைகள் வர ஆரம்பித்ததும் சென்னைக்குக் கிளம்பிவிட்டார். கையில் காசு இல்லை, நிரந்தர வேலை இல்லை. எழுத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியும் என்று அந்தக் காலத்தில் நம்பிய சிலரில் அவரும் ஒருவர்.

கற்பு என்ற சொல்லின் மேல் முதல் அடி

வந்த வருஷமே அவர் எழுதிய ‘பொன்னகரம்’ இன்றைக்கும் படிப்பவரை உலுக்கும். ஆலையில் வேலை பார்க்கும் அம்மாளு, ஜட்கா ஓட்டும் புருஷன் முருகேசன். வண்டி குடைசாய்ந்து அவன் அடிபட்டுக் கிடக்கிறான். பால் கஞ்சி வேணும் என்கிறான். வீட்டில் காலணா இல்லை. ரொம்ப நாளாக அவள் மேல் கண் வைத்திருந்த ஒருவனோடு அம்மாளு இருட்டுச் சந்துக்குள் போகிறாள். முக்கால் ரூபாயோடு திரும்புகிறாள். அவ்வளவுதான் கதை.

பழைய கதையில் அம்மாளு போன்றவளுக்கு ஒன்று சாபம் கிடைக்கும், இல்லை கடைசியில் சாவு கிடைக்கும். புதுமைப்பித்தன் இரண்டையும் தரவில்லை. கற்பைப் பற்றி மேடையில் முழங்குகிறவர்கள் பக்கம் திரும்பி, நக்கலாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கதையை முடித்துவிடுகிறார். புருஷனைக் காப்பாற்றுவதுதான் பத்தினியின் தர்மம் என்றால், அம்மாளு செய்தது என்ன? பதில் சொல்ல வேண்டியது படிப்பவர்.

‘துன்பக்கேணி’ இன்னும் பெரிய வட்டம். நெல்லைச் சீமையிலிருந்து ஏழைகள் கூட்டம் கூட்டமாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன காலம் அது. அப்படிப் போன மருதி என்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணைக் கிராமத்துப் பண்ணையமும் தோட்டத்து முதலாளியும் மாறி மாறிச் சிதைப்பதைச் சொன்ன கதை. ஒழுக்கம், மானம் எல்லாம் வயிறு நிறைந்தவர்களால் மட்டும் பேச முடிகிற விஷயங்களாக இருக்கின்றனவே என்ற எரிச்சல் இரண்டு கதைகளிலும் உண்டு.

முதல் அகல்யை: சாபமே இல்லாத கதை

அதே 1934-ல் ‘அகல்யை’ என்றும் ஒரு கதை எழுதினார். அதற்குப் போவதற்கு முன்னால், மூலக்கதை எப்படி எப்படியெல்லாம் மாறி வந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

வால்மீகியில் அகலிகை கல்லாவதில்லை. காற்றே உணவாக, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் தெரியாமல் இருக்கணும் என்பதுதான் அங்கே சாபம். தமிழில் அவள் கல்லானது ரொம்பப் பழைய சங்கதி. பரிபாடலின் 19-ஆம் பாட்டில் திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபம் வருகிறது. சாமி கும்பிட வந்த கூட்டம் அங்கே சுவரில் இருக்கும் ஓவியத்தைக் காட்டி, இவன் இந்திரன், இவள் அகலிகை, கௌதமனின் கோபத்தால் கல்லான கதை இது என்று ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்கிறது. கோயிலுக்குப் போன இடத்தில் பெண்ணுக்கான பாடமும் படமாக நின்றிருக்கிறது.

கம்பனிலும் அவள் கல்தான். இந்திரனுக்கும் சாபம் உண்டு. உடம்பெல்லாம் குறி. ஆனால் அவை பிறகு கண்களாக மாறின. தேவலோக நாற்காலியும் போகவில்லை. அகலிகை மட்டும் கல்லாகக் காத்துக்கிடந்தாள். தண்டனை கொடுத்ததும் ஆண். விடுதலை கொடுத்ததும் ஆண். தப்புக்குக் காரணமானவனும் ஆண். நடுவில் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நெல்லைக்காரரான வெள்ளகால் ப. சுப்பிரமணிய முதலியார் ‘அகலிகை வெண்பா’ எழுதியிருக்கிறார். அந்த வட்டாரத்து இலக்கிய உலகத்துக்கு அகலிகை அவ்வளவு நெருக்கமானவள். புதுமைப்பித்தன் செய்தது வேறு. 1934-ல் எழுதிய முதல் கதையில் சாபத்தையே எடுத்துவிட்டார். இந்திரன் ஏமாற்றுகிறான், கௌதமன் திரும்பி வருகிறான், எல்லாம் தெரிந்துவிடுகிறது. ஆனால் அவன் சபிக்கவில்லை. துடிக்கும் மனைவியை அணைத்துக்கொள்கிறான். இந்திரனிடம்கூடப் பெண்களை உடன்பிறந்தவர்களாகப் பார்க்கக்கூடாதா என்ற மாதிரிதான் பேசுகிறான். புருஷன் புரிந்துகொண்டால் போதும், பிரச்சினை தீர்ந்தது என்று 28 வயது புதுமைப்பித்தன் நினைத்திருக்கிறார்.

ஒன்பது வருஷம் கழித்து அந்தப் பதில் அவருக்கே போதவில்லை.

இரண்டாவது அகலிகை: மன்னித்தும் தீராத கதை

இடைப்பட்ட காலத்தில் ‘ஊழியன்’, ‘தினமணி’ என்று பத்திரிகை வேலை. ‘தினமணி’யில் டி.எஸ். சொக்கலிங்கம் ஆசிரியர். பகலெல்லாம் செய்தி மொழிபெயர்ப்பு, மிச்ச நேரத்தில் கதை. உலகத்துச் சிறுகதைகளையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன்கூட அவர் கையால் ‘பிரேத மனிதன்’ ஆனது. 1940-ல் முதல் தொகுப்பு ‘புதுமைப்பித்தன் கதைகள்’ வந்தது. 1943-ல் நிர்வாகத்தோடு ஏற்பட்ட பிரச்சினையில் சொக்கலிங்கம் விலகியபோது இவரும் வெளியேறினார். பிறகு ‘தினசரி’.

அந்த 1943 தமிழ்ச் சிறுகதைக்கே ஒரு முக்கியமான வருஷம். ‘காஞ்சனை’, ‘செல்லம்மாள்’, ‘சாப விமோசனம்’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எல்லாம் அந்த ஒரே வருஷத்தில் ‘கலைமகள்’ இதழில் வந்தவை.

‘சாப விமோசனம்’ மே மாதம் வெளியானது. ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப் பற்றிக் கவலை இல்லை என்ற தொனியில் கதைக்கு மேலேயே ஒரு குறிப்பு போட்டுவிட்டார். மற்ற கதைகள் முடிகிற இடத்தில் இவர் கதை தொடங்குகிறது. ராமனின் கால்தூசி பட்டு அகலிகை எழுகிறாள். புற்று மூடிக்கிடந்த கௌதமனும் எழுந்து வருகிறான். அவன் நல்லவன், மன்னித்தும் விட்டான். மறுபடியும் குடும்பம் நடத்துகிறார்கள்.

ஆனால் நடத்த முடியவில்லை. கௌதமன் சாதாரணமாகப் பேசினால்கூட, இதில் உள்ளர்த்தம் இருக்குமோ என்று அவள் ஒவ்வொரு சொல்லையும் உரசிப் பார்க்கிறாள். எந்த ஆணைப் பார்த்தாலும் இந்திரனோ என்று நடுங்குகிறாள். ஆற்றுக்குக் குளிக்கப் போனால் ரிஷிபத்தினிகள் அவளைக் கண்டு ஒதுங்கி ஓடுகிறார்கள். சாபம் போய்விட்டது, ஊர் வாய் போகவில்லை. ராமனும் சீதையும் மட்டும்தான் அவளைக் களங்கம் இல்லாதவளாக நடத்துகிறார்கள். அவர்கள் காட்டுக்குப் போன பதினான்கு வருஷமும் அவளுக்கு அந்த ஒரு பிடிமானம்தான்.

வனவாசம் முடிந்து ராமனும் சீதையும் வருகிறார்கள். ஆண்கள் வெளியே போய்ப் பேசிக்கொண்டிருக்க, பெண்கள் இரண்டு பேரும் தனியாக இருக்கிறார்கள். ராவணன் தூக்கிப் போனது, மீட்டது எல்லாம் சொல்லி வந்த சீதை, தீக்குளித்ததையும் சொல்கிறாள். அகலிகை அதிர்ந்து போகிறாள். ராமனா கேட்டான்? நீ ஏன் செய்தாய்? ஊருக்கு நிரூபிக்கத்தானே என்கிற பதில் அவளுக்குச் செரிக்கவில்லை. தன்னை மன்னித்த அதே ராமன், தன் மனைவியிடம் சாட்சி கேட்டிருக்கிறான். அன்றைக்குக் கௌதமன் கை அவள் மேல் படும்போது, அது இந்திரனின் கையாகத் தெரிகிறது. அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். கௌதமன் துறவியாகிக் கைலாயம் நோக்கி நடக்கிறான்.

முதல் தடவை அவளைக் கல்லாக்கியது ஒரு முனிவரின் கோபம். இரண்டாவது தடவை யாரும் சபிக்கவில்லை. நியாயம் ஆளுக்கு ஆள் மாறும் என்று தெரிந்த நிமிஷத்தில் அவளாகவே கல்லாகிறாள். 1934-ல் புருஷன் மன்னிப்பானா என்று கேட்டவர், 1943-ல் மன்னிக்கவும் நிரூபிக்கச் சொல்லவும் இவர்களுக்கு உரிமை கொடுத்தது யார் என்று கேட்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒன்பது வருஷ யோசனை இருக்கிறது.

புருஷன் சமைக்கும் வீடு

ஆண் என்றால் காப்பாற்றுபவன் என்ற வேஷத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. ‘செல்லம்மாள்’ கதையின் பிரமநாயகம் பிள்ளை, பிழைப்புக்குச் சென்னை வந்து துணிக்கடையில் வேலை பார்ப்பவர். மனைவி ரொம்ப நாளாகப் படுத்த படுக்கை. காலையில் எழுந்து சமைத்து, அவளுக்குக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடி, ராத்திரி வந்து மறுபடியும் பணிவிடை. அவளைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. செல்லம்மாள் இறந்துபோகிறாள். இளவரசன் கிடையாது, அற்புதம் கிடையாது. பெண்ணின் வேலை என்று ஒதுக்கப்பட்ட எல்லாவற்றையும் சத்தமில்லாமல் செய்யும் ஓர் ஆண் மட்டும் இருக்கிறார்.

நிஜ வாழ்க்கையில் புதுமைப்பித்தனால் பிரமநாயகம் பிள்ளையாக இருக்க முடிந்ததா? சென்னையில் வருமானம் நிலையில்லை. கமலா பல காலம் திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. அவருக்கு இவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று புத்தகமாக வந்தன. பாசம் பொங்கும் கடிதங்கள்தான். ஆனால் கடிதம் வந்தால் அடுப்பு எரியுமா? குழந்தையை இழந்த துக்கத்தையும் அந்தத் தம்பதி பார்த்தார்கள். 1946-ல் பிறந்த தினகரிதான் தங்கிய மகள். கமலாவும் கதை எழுதுகிறவர். தமிழ்நாடு அவரைப் பெரும்பாலும் புதுமைப்பித்தனின் மனைவி என்ற அளவில்தான் ஞாபகம் வைத்திருக்கிறது.

சினிமாவும் காசநோயும்

கடைசி வருஷங்களில் பணத்துக்காகச் சினிமா பக்கம் போனார். ஜெமினியின் ‘அவ்வையார்’ படத்துக்கு எழுதினார். அந்தப் படம் 1953-ல்தான் வெளிவந்தது. அம்மா பெயரை வைத்து ‘பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ்’ என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார். அது கையைக் கடித்தது. பிறகு எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ படத்துக்காகப் புனே போனார். அங்கே காசநோய் முற்றியது. திருவனந்தபுரத்துக்குத் திரும்பியவர் 1948 ஜூன் 30 அன்று இறந்தார். வயது 42. மகளுக்கு அப்போது இரண்டு வயது.

பதினைந்து வருஷத்துக்குள் ஏறத்தாழ நூறு கதைகள். அவர் வாழ்க்கையைத் தொ.மு.சி. ரகுநாதன் 1951-ல் புத்தகமாக எழுதினார். 2002-ல் தமிழ்நாடு அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது.

விமர்சனம் இல்லையா?

உண்டு. 2014-ல் ‘பொன்னகரம்’, ‘துன்பக்கேணி’ இரண்டையும் சென்னைப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. தலித் மக்களை அந்தக் கதைகள் சித்தரிக்கும் விதம் புண்படுத்துகிறது என்பது புகார். எழுத்தாளர்கள் பலர் நீக்கத்தை எதிர்த்தார்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்காகப் பேசிய கதை, அவர்களைப் பற்றிய சொற்களில் தன் காலத்து சாதிப் பார்வையைத் தாண்டியதா என்பது நியாயமான கேள்வி. அதைக் கதையைப் படிக்க வைத்துத்தான் கேட்க முடியும்.

இன்னொரு குறையும் சொல்லலாம். அவருடைய அகலிகை கடைசியில் எதிர்ப்பைக் காட்டுவது கல்லாவதன் மூலம்தான். எழுந்து நடந்து போகும் வழியை அவர் அவளுக்குக் கொடுக்கவில்லை. அந்த வழியைப் பிறகு பெண்கள் எழுதினார்கள். அம்பையின் ‘அடவி’ கதையில் சீதை தன் கதையைத் தானே எழுதுகிறாள். 2015-ல் சாகித்ய அகாடமி விருது பெற்ற தெலுங்கு எழுத்தாளர் வோல்காவின் ‘விமுக்த’ தொகுப்பில் சீதையும் அகலிகையும் சந்தித்துப் பேசுகிறார்கள். ஐரோப்பியத் தேவதைக் கதைகளைப் பெண் பக்கத்திலிருந்து திருப்பி எழுதிய ஏஞ்சலா கார்ட்டரின் புகழ்பெற்ற தொகுப்பு வந்தது 1979-ல். ‘சாப விமோசனம்’ அதற்கும் 36 வருஷம் முந்தியது.

இப்போ ஏன் இதைப் பேசணும்?

மனைவியைக் கிட்டத்தட்டப் புருஷனின் சொத்தாகப் பார்த்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2018-ல். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணிடம் செய்யப்பட்டு வந்த இரு விரல் பரிசோதனையை யார் செய்தாலும் அது தவறான நடத்தை என்று அதே நீதிமன்றம் கறாராகச் சொன்னது 2022-ல். அதாவது பாதிக்கப்பட்டவளையே நிரூபிக்கச் சொல்வது நேற்று வரைக்கும் ஆஸ்பத்திரிக்குள் நடந்திருக்கிறது. தீ மட்டும்தான் இல்லை.

வீட்டில் இன்னும் இருக்கிறது. லேட்டாக வந்தால் லொக்கேஷன் அனுப்பு, யார் கால் பண்ணினது காட்டு, பாஸ்வேர்டு கொடு என்று கேட்பதற்குப் பின்னால் இருப்பது அதே பழைய உரிமைதான். பட்டிமன்றத்தில் கற்பில் சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்று கைதட்டலுக்கு நடுவே தீர்ப்பு சொல்லிவிடலாம். கோவலனுக்கு அப்படி ஒரு பட்டிமன்றம் யாரும் வைப்பதில்லை.

பழைய கதைகளைக் குழந்தைகளுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். அகலிகை கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லும்போது, அந்தப் பொண்ணுகிட்ட ஏன் யாருமே எதுவும் கேக்கலைன்னு குழந்தை கேட்டால், பேச்சை மாற்றாதீர்கள். பதில் தேடுகிறவர்களுக்கு ‘சாப விமோசனம்’ நாட்டுடைமை நூலாக இணையத்திலேயே இருக்கிறது. படித்து முடிக்க அரை மணி நேரம் போதும்.